மூட விடாத சனம்

பாதி இறங்கிய ஷட்டரைக் கறுப்பையா இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மக்கீன் தொங்கிப் பார்த்தும் அது ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

"விடுங்க கறுப்பையா. லுஹர் தொழுகைக்கு முந்தி கட்டடக்காரன்ட கையில சாவியக் குடுக்கணும்."

"இழுங்க பாப்போம். அரிசி மூட்டை தூக்கின கை இது."

"மூட்ட தூக்கின கைதான். நம்ம கடையில ஒரு கிலோ அரிசி தூக்கி எத்தன மாசம்?"

"அத விடுங்க மக்கீன் நானா. நீங்க மூடக்கூடாது, அவ்வளவுதான்."

குண்டசாலையின் அந்தச் சந்தியில் மக்கீனின் பலசரக்குக் கடை ஒன்றுதான் மிச்சம். எதிரே கம்பனிக்காரன் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை திறந்து ஒரு வருஷம் ஆகிறது. மக்கீன் மொத்தக் கடையில் எடுக்கிற விலையைவிடக் குறைத்து, அவன் பருப்பும் சீனியும் பால்மாவும் சில்லறைக்கே விற்றான். அவனுக்கு நட்டம் வந்தால் கொழும்பிலிருந்து பணம் வரும். மக்கீனுக்கு எங்கிருந்து வரும்? மற்றக் கடைகளெல்லாம் முன்பே பூட்டிப் போய்விட்டன.

சத்தம் கேட்டு ஆட்டோவை நிறுத்திவிட்டுத் துஷாந்த் ஓடி வந்தான். இராஜேஸ்வரி வந்தாள். அவளுக்குப் பின்னால் மேட்டு வீட்டுச் சனமெல்லாம் வந்து நின்றது.

"என்ன, மையத்து எடுக்கிற வீடு மாதிரிக் கூடி நிக்கிறீங்க?" மக்கீன் சிரிக்கப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க நானா." இராஜேஸ்வரிக்குக் கண் கலங்கியது. "நேத்து கலகெதரைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அங்க ஒரு சின்னக் கடை மிச்சமில்ல. எல்லாம் மூடிட்டாங்க. அவ படுற பாட்டப் பாத்துட்டு வந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"யாவாரம் இல்லாம எப்பிடிப் புள்ள தெறந்து வைக்கிற? லைட் பில்லு கட்டவே ஏலாம ஈக்குது."

"பில்ல நாங்க கட்டுறோம்!" துஷாந்த் முந்திக்கொண்டான். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சிச்சு. ஷட்டருக்கு நானே பெயின்ட் அடிச்சுத் தர்றேன்."

"அசதியா இருந்தா நீங்க வீட்டுல படுங்க. கடையில நான் உக்காந்துக்கிறேன்," என்றார் கறுப்பையா.

மக்கீன் ஷட்டரிலிருந்து கையை எடுத்தார். எதிர்க்கடைப் பையோடு இவர்கள் தலையைக் குனிந்து போகும்போதெல்லாம் மனதுக்குள் திட்டியிருக்கிறார். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

உள்ளே நின்ற அவர் மனைவி கைரியா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். கையில் கிடந்த ஒற்றைக் காப்பைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத அடகு வச்சி சாமான் போடுங்க. இவ்வளவு சனம் கேக்குது. மூட வாணாம்."

"மகள்ட கலியாணத்துக்கு வச்சீந்த காப்புடி."

"மகளுக்கு அல்லாஹ் ஈக்கிறான்."

மக்கீன் காப்பைச் சாரத்து மடியில் முடிந்துகொண்டார். பிறகு ஷட்டரைத் தானே மேலே தள்ளிவிட்டார். சனம் கை தட்டியது.

"பில்லும் வாணாம், பெயின்டும் வாணாம்." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நாளைக்குப் புதுச் சாமான் வந்துரும். அவன்ட வெலைய விடக் கொஞ்சம் கூடத்தான் ஈக்கும். பருப்பும் சீனியும் மட்டும் இங்க எடுங்க, போதும். நான் மூடவே மாட்டேன்."

கைதட்டல் நின்றது. கறுப்பையா துஷாந்தைப் பார்த்தார். துஷாந்த் ரோட்டைப் பார்த்தான்.

"என்ன, ஆளாளுக்கு எங்கயோ பாக்கிறீங்க?" என்று கேட்டார் மக்கீன்.

கடைசியில் இராஜேஸ்வரிதான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"சாமான் அங்கதான் வாங்குவோம் நானா. நீங்க சும்மா தெறந்து வைங்க, இல்லாட்டி அவன் வெலைய ஏத்திருவான்."