பச்சையில் ஒரு துளி மஞ்சள்

யசிந்தன் படத்தைப் பார்க்காமலே பச்சை கலந்தான்.

பக்கத்து மேசையிலிருந்த குலேந்திரன் அதைக் கண்டுவிட்டார்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தை இரைச்சல் கேட்கிற ஒழுங்கையொன்றில் யூலியானாவின் பட்டறை. விரலளவு போர்வீரர் பொம்மைகளுக்கு நிறம் தீட்டிச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்புகிறாள். ரோமர், துருக்கியர், பிரெஞ்சுக் குதிரைப்படை என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன.

இன்று வந்த பெட்டியில் வன்னிச் சண்டை. புலிகளின் வரி உடுப்புப் போட்ட பொம்மைகள். கூடவே வெளிறிப்போன ஒரு படம்.

உங்கள் நாட்டுப் போர்தானே என்று அவள் பெட்டியைக் குலேந்திரனின் மேசையில் வைத்தாள். அவர் அதை அப்படியே புதியவன் பக்கம் தள்ளிவிட்டார். பலெர்மோவில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் சண்டைக்காலம் முழுக்கக் கொழும்பில் கடையில் நின்ற ஆள்.

யசிந்தன் பட்டறைக்கு வந்து ஒரு கிழமைதான். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் கேட்டால் மன்னார் என்பான். மன்னாரில் எவ்விடம் என்றால் சிரிப்பான்.

போன மாதம் தமிழ்க் கடையில் ஆரோ ஒருவன் ஆட்களின் ஊர் பேர் விசாரித்துத் திரிந்ததாகக் கதை அடிபட்டது. அது இவனாக இருக்குமோ?

படம் பார்க்காமல் இந்தப் பச்சை வருமென்றால், இவன் அந்த உடுப்பைப் போட்டவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டவர்களைத் தேடித் திரிந்தவனாக இருக்க வேண்டும்.

குலேந்திரன் தூரிகை கழுவுகிற சாட்டில் எழும்பி அவன் பக்கம் போனார்.

யசிந்தன் பொம்மையொன்றை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"நிறம் சரியோ அண்ணை?"

நிறம் பிழைத்தால் பொறுக்காத கண் அவருடையது.

"கறுப்புக் கூடிப்போச்சு. இது புது உடுப்பு. ரெண்டு மாரி நனைஞ்சா மஞ்சள் அடிக்குமெல்லோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

யசிந்தன் நிமிரவில்லை. ஒரு துளி மஞ்சளை விட்டு மெதுவாகக் குழைத்தான்.

"தெரியும். நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் கறுப்பைக் கூட விட்டனான்."

குலேந்திரனின் தூரிகையிலிருந்து தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சொட்டியது. கதவைப் பார்த்தார். அது திறந்துதான் கிடந்தது.

"நீர் ஆர்?"

யசிந்தன் பொம்மையை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது நிறம் சரியாக இருந்தது. அவன் முகத்தில் கோபமில்லை. அதுதான் குலேந்திரனை இன்னும் பயப்படுத்தியது.

"பள்ளிக்கூட வாசலிலை வைச்சு என்னை வாகனத்திலை ஏத்தினது நீங்கள். இந்த உடுப்பைத் தந்ததும் நீங்கள்தான். எனக்குச் சரியான பெரிசு, அண்ணை. நீங்கள்தான் குந்தியிருந்து கால்சட்டையை மடிச்சு விட்டனீங்கள்."