பத்துக்குப் பூஜ்யம்

"யார் யார் எப்படிப் பழகறாங்கன்னு எங்க ஆளுங்க மார்க் போட்டாங்கம்மா. உங்க அப்பாவுக்குப் பத்துக்குப் பூஜ்யம்" என்று படிவத்தை நீட்டினார் முதியோர் இல்ல மேலாளர். "கேட்ட கேள்விக்கெல்லாம் முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். திமிர்."

வெளியூரிலிருந்து வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷம் பஸ் கண்டக்டர் சார் அவர். வாயை மூடச் சொல்லி அம்மா கெஞ்சுவாங்க!"

ஆனால் நான்கு மாதமாகப் போனில்கூட அவர் பேசவில்லை. இங்கே கொண்டுவந்து சேர்த்த கோபம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அறைக்கு ஓடினாள். "அப்பா!"

அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டார். அவருடைய வெறுங்காதைப் பார்த்தாள்.

"காது மிஷின் எங்கே சார்?"

"லாக்கர்ல" என்றார் பின்னாலேயே வந்த மேலாளர் பெருமையாக. "விலை ஜாஸ்தி சாமான். சேர்ந்த அன்னைக்கே வாங்கி வெச்சுட்டோம். அவரும் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டார். தொலைஞ்சா யார் பதில் சொல்றது? நாலு மாசத்துல ஒரு கீறல்கூட விழலை."

அவள் படிவத்தைப் பிடுங்கினாள். அப்பாவின் பெயரை அடித்துவிட்டு மேலாளரின் பெயரை எழுதினாள்.

பூஜ்யத்தை அடிக்கவில்லை.