கிணற்றுக்குள் இறங்கிய கூடை

மீனைத் திருடிய பூனையைத் துரத்திய வேகத்தில், காவல் நாய் சூரனும் அதோடு சேர்ந்து கிணற்றுக்குள் விழுந்தான். இருவரும் ஒரு கல் இடுக்கைப் பற்றிக்கொண்டு தத்தளித்தார்கள். வீட்டுக்காரி செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். உடனே கயிற்றில் ஒரு கூடையைக் கட்டி இறக்கினாள்.

"உனக்கில்லடி, திருட்டுக் கழுதை. எனக்காக வருது," என்றான் சூரன்.

"தெரியும் அண்ணே. ஆனா என்னால இதுக்கு மேல முடியலயே," என்றது பூனை.

"கூடை கிடக்கட்டும். உழைக்கிறவன் எப்படி ஏறுறான்னு பாரு," என்று சூரன் கூடையைத் தொடாமல், சுவரில் நகத்தைப் பதித்து ஏறினான். பாசி வழுக்கித் தொப்பென்று விழுந்தான். தலையைத் தூக்கியபோது பூனை கூடைக்குள் சுருண்டபடி மேலே போய்க்கொண்டிருந்தது. செல்லக்கனி அதைத் திட்டக்கூட இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டாள்.



கூடை மறுபடி இறங்கியது.

"ஏறுடா ராசா."

"அம்மா, அது திருடி. நான் ராவெல்லாம் காவல் காத்தவன்."

"தெரியும்டா."

"அந்தக் காவலுக்காகத்தானே எனக்குக் கூடை?"

"இல்லடா. விழுந்துட்டே, அதான். அவளுக்கும் அதான்."

கல்லடி பட்டபோதுகூட அவன் இப்படி அதிர்ந்ததில்லை. வாயைத் திறந்தபடி கூடையையே பார்த்தான். அதன் ஓரமெல்லாம் பூனை முடி ஈரமாக ஒட்டியிருந்தது. கால்கள் மரத்துப்போயின, தண்ணீர் மூக்கைத் தொட்டது. சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாமல், அவன் அந்த முடியின் மேலேயே ஏறி உட்கார்ந்தான்.