இருபத்தேழு அங்குலச் சண்டை

“இந்த டப்பாவை மட்டும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனீங்க, அவ்வளவுதான்!”

மாடியிலிருந்து இருபத்தேழு அங்குல மானிட்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கிய சுரேந்தர், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். பெட்டியைக் கேட்டிருந்த இளைஞருக்கு எதிரே, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறாள் போல.

சம்சாரத்தைக் கேட்காமல் மானிட்டர் வாங்க வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். மைசூர் சரஸ்வதிபுரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் கடையில் நான்கு வருடமாக நிற்கிறவன், எத்தனை சண்டை பார்த்திருப்பான்!

“ஏன், நல்ல மானிட்டர்தானே? ஃபோர்-கே!” என்றார் இளைஞர்.

“மானிட்டர் நல்லதுதான். இப்பச் சொன்னீங்களே, உங்க கிராபிக்ஸ் கார்டு, அதுதான் சின்னது. ஃபோர்-கேன்னா சாதா ஸ்க்ரீனைவிட நாலு மடங்கு புள்ளி. அத்தனையையும் அந்தக் கார்டு எப்படி வரையும்? குருவி தலையில பனங்காயை வைக்கறீங்க!”

சுரேந்தர் நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன கார்டு என்று அவன் கேட்கவே இல்லை.

“செட்டிங்ஸைக் குறைச்சுக்கறேன்.”

“பெரிய ஸ்க்ரீன் வாங்கி மங்கலாப் பார்க்கறதுக்கா?”

“அடுத்த வருஷம் பெரிய கார்டு வாங்கிடுவேன்.”

“அப்ப மானிட்டரையும் அடுத்த வருஷமே வாங்குங்க!”

“அம்மா தாயே, போதும்!” என்று இளைஞர் கும்பிட்டார்.

பெட்டியை இறக்கி வைத்த சுரேந்தருக்குத் தன் கல்யாணக் கவலை வந்துவிட்டது. காரணம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் கொள்ளேகாலில் தாரணி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்த்ததுமே பிடித்திருந்தது. ஆனால் பத்து நிமிடம் தனியே பேசவிட்டபோது, “நீங்க ரொம்பப் பீத்திக்கறீங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அப்படி ஒரு வாயோடு ஆயுசுக்கும் குடித்தனம் செய்ய முடியுமா? பதில் கேட்டு அம்மா மாரியம்மா காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஆமா, இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

“சண்டை வேண்டாங்க. இதையும் ஒரு சின்ன மானிட்டரையும் ஓட்டிப் பார்த்துருங்க” என்று சமாதானம் செய்தான். கேட்டுப் பார்த்தால், கடையில் வாடிக்கையாளர்கள் விளையாடிப் பார்க்க வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் இளைஞர் வைத்திருந்த அதே ரகக் கார்டுதான். கார் பந்தயத்தைப் போட்டுவிட்டான்.

ஃபோர்-கே மானிட்டரில் படம் என்னவோ பளிங்கு மாதிரி இருந்தது. கார்தான் விக்கி விக்கி நகர்ந்தது. வளைவில் திருப்பினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

“தசரா யானைகூட இதைவிட வேகமாப் போகும்” என்றாள் அவள். இளைஞருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, அவள் காட்டிய இருபத்துநாலு அங்குல சாதா மானிட்டருக்கு வயரை மாற்றினான் சுரேந்தர். கார் எண்ணெயில் வழுக்கியது போல் பறந்தது. “ஹௌதா! அப்படியா!” என்று கன்னடமும் தமிழுமாக வாயைப் பிளந்தார் இளைஞர்.

“தள்ளுங்க, நான் காட்டறேன்” என்று அவளும் ஒரு கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். திரை இரண்டாகப் பிரிந்தது. முதல் பந்தயத்தில் அவள் ஜெயித்தாள். இரண்டாவதில் அவர். மூன்றாவதில் இரண்டு காரும் முட்டிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தன.

“நீங்க வேணும்னே இடிச்சீங்க!”

“நீங்கதான் குறுக்க வந்தீங்க!”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சார்ஜர் வாங்க வந்தவர்களெல்லாம் கூடி நின்று கை தட்டினார்கள்.

சுரேந்தர் அசந்துபோனான். அவ்வளவு சண்டையிலும் தவறிக்கூட ஒரு ‘நீ’ விழவில்லையே! எல்லாம் ‘நீங்க’தான். தப்பை நேருக்கு நேராகச் சொல்லும் பெண்டாட்டி; கேட்டுச் சிரித்துக்கொள்ளும் புருஷன். குடும்பம் என்றால் இதுவல்லவா குடும்பம்! யோசித்துப் பார்த்தால், தாரணி சொன்னதில்தான் என்ன தப்பு? அன்றைக்கு அவன் கொஞ்சம் பீத்திக்கொள்ளத்தான் செய்தான்.

நெஞ்சுக்குள் சரவெடி வெடித்தது. கீபோர்டு அடுக்குக்குப் பின்னால் ஓடிப்போய் போனை எடுத்தான்.

“அம்மா, தாரணி வீட்டுக்குச் சரின்னு சொல்லிரு!”

“நெசமாவாடா சாமி? வாயாடிப் புள்ளைன்னு சொன்னியே?”

“வாயாடினாத்தாம்மா வாழ்க்கை! இங்க கடைக்கு ஒரு ஜோடி வந்திருக்குது. பார்த்தா கண்ணு பட்டுரும். கட்டினா அப்படிக் கட்டோணும்!”

இரண்டே நிமிடத்தில் அம்மா திரும்ப அழைத்தாள். “சொல்லிப்போட்டேன்டா! வெள்ளிக்கிழமை பூ வெக்கப் போறோம்!”

சுரேந்தருக்குக் கால் தரையில் பாவவில்லை. மிதந்துகொண்டே வந்து, சின்ன மானிட்டருக்குப் பில் போட்டான். வாரண்டி அட்டையை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

“யாரு பேர்லங்க போடட்டும்? சார் பேரா, மேடம் பேரா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவரிடம் கேட்டாள்:

“ஆமா... உங்க பேரு என்ன?”