நசுங்கிய தம்ளர்

"இந்த வருஷ ஆபீஸ் நாடகத்துல ஒரு தம்ளர் வரதாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி மாதவி.

ஸ்ரீனிவாசராகவனுக்கு வாயிலிருந்த காபி கசந்தது. "என்ன தம்ளர்? யார் சொன்னா?"

பக்கத்து ஃப்ளாட் வங்காளி அண்ணி, எல்லோருக்கும் பௌதி, அவள் சொன்னாளாம். அவள் கணவருக்கும் அதே மத்திய அரசு அலுவலகம்தான். நாடகத்தில் ஓர் அதிகாரி, வீட்டுக்கு வரும் பியூனுக்கென்று தனித் தம்ளர் வைத்திருக்கிறாராம்.

இருவர் கண்களும் பின்வாசலுக்குப் போயின. அங்கே கிரில் ஓரத்தில் நசுங்கிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பியூன் கோகுல் தினமும் டிபன் கேரியர் வாங்கிப் போக இந்த பாலிகஞ்ச் வீட்டுக்கு வருவார். அதில்தான் அவருக்குக் காபி. குடித்து, தானே கழுவி, தானே கவிழ்த்துவிட்டுப் போவார்.

கல்கத்தாவில் ஆபீஸ் நாடகம் என்றால் விளையாட்டில்லை. மூன்று மாத ஒத்திகை, வாடகை அரங்கு, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். போன வருஷம் மேடையில் ஓர் அதிகாரி ஃபைலுக்குப் பின்னால் தூங்கினார். அது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கேன்டீன் சிரித்த சிரிப்பில் அந்த நிஜ மனிதர் நீண்ட லீவில் போய்விட்டார்.

இந்த வருஷம் சிறப்பு விருந்தினர் டெல்லி டைரக்டர். ஸ்ரீனிவாசராகவனின் சென்னை மாற்றல் அவர் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது.

யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள்? நாடகம் எழுதும் குமாஸ்தா நரேன், தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழன். கொலுவுக்கு வந்தபோது கைகழுவப் பின்வாசல் வரை போனான். பௌதி மேலும் சந்தேகம் வந்தது. ஒரு நிமிஷம் மாதவி மேல்கூட வந்தது. கோகுல் மேல் மட்டும் வரவில்லை. வாயில்லாப் பூச்சி, அது என்ன சொல்லிவிடப் போகிறது?

கேன்டீனில் நரேனை மடக்கிக் கதை கேட்டார். சஸ்பென்ஸ் சார், வந்து பாருங்க என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியில்லை.

அன்றே தம்ளர் பரணுக்கு ஏறியது. "டைரக்டர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எடுத்து வெச்சுண்டா போச்சு" என்றார் மாதவியிடம்.

செவ்வாய்க்கிழமை கோகுலிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். கோகுல் வந்ததும் கையைப் பிடித்துக் கூடத்து சோபாவில் உட்கார வைத்தார். வீட்டு வெள்ளித் தம்ளரில் காபி வந்தது. தானும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். தெரிந்த இந்தியில் அவர் பெண்ணின் படிப்பை விசாரித்தார். நடிப்பது என்று இறங்கியபின் மனிதர் குறை வைக்கவில்லை. கோகுல் தம்ளரைக் கழுவ எழுந்தபோது, வேண்டாம் என்று அவரே வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை, பவானிபூர் அரங்கு. டிசம்பர் குளிரிலும், டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை நனைந்தது. மேடையில் பியூனாக வந்ததே கோகுல்தான். கையில் டீத் தட்டு. ஸ்ரீனிவாசராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தபோது மேடையில் எல்லோரும் ஒரே மாதிரிக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிவரை தம்ளர் வரவில்லை. திரை விழுந்தது. டைரக்டர் கைகுலுக்கி, அடுத்த வாரம் சென்னை ஆர்டர் வந்துவிடும் என்றார்.

உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. பௌதியின் கப்சாவை நம்பி ஒரு வாரம் தூக்கம் கெட்டதே. நாளைக்கே அந்தத் தம்ளரை இறக்கி வை என்று மாதவியிடம் முணுமுணுத்துவிட்டு, வாசலில் நின்ற நரேனிடம் போனார்.

"ஏதோ தம்ளர் சீன் இருக்குன்னு ஒரு வதந்தி கேட்டேனே?"

"வதந்தி இல்ல சார், இருந்தது" என்றான் நரேன் தயக்கத்தோடு. "சொல்லி எழுத வெச்சதே நம்ம கோகுல் அண்ணாதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தவர், நல்ல மனுஷனைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனேன்னு அழுதுட்டு, அந்தப் பக்கத்தை அவரே கிழிச்சுப் போட்டுட்டார்."