யாரது என்று கேட்ட எலும்பு

சுமை ஏற்றினால் எலும்பு தடிக்கும் என்று ஒரு கணினி கணக்குப் போட்டது. அதன் திரையில் வரைந்த எலும்பும் அறுபதே நாளில் தடித்துக் காட்டியது. அதை நிரூபிக்க, ஆராய்ச்சிக்கூட முற்றத்தில் நின்ற வெள்ளாட்டின் முதுகில் பத்து கிலோ மணல் மூட்டையை ஏற்றி, குட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டார்கள். எலும்பு தடித்தால்தான் அவிழ்த்துவிடுவார்களாம்.

அறுபதாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு மயிரிழைகூடத் தடிக்கவில்லை.

"என் மானத்தை வாங்கிட்டியே! இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று ஆட்டின் கால் எலும்பிடம் கணினி கத்தியது.

எலும்பு கொட்டாவி விட்டது. "எந்த மூட்டை? ஓ, அதுவா! ஆடாம அசையாம கிடந்துச்சு. மூணாம் நாளே மறந்துட்டேன்."

ஆட்டுக்கு வந்ததே கோபம்! மூட்டையோடு ஒரு துள்ளு துள்ளியது. குளம்புகள் 'டக்'கென்று தரையில் விழுந்தன.

"யாரது?" என்று எலும்பு திடுக்கிட்டு எழுந்தது.

"அட! தட்டினால்தான் கதவைத் திறப்பியா?" கணினியின் விசிறி விர்ரென்று சுழன்றது. "அறுபது நாளும் கதவுல சும்மா சாஞ்சு நின்ன மூட்டையை நம்பிட்டேனே! தாயே, இன்னும் நாலு துள்ளு! நாலே நாலு!"

ஆடு மறுபடி, இன்னும் உயரமாக எம்பியது. குட்டைக் கயிறு கழுத்தைச் சுண்டி இழுத்து, துள்ளவிடாமல் நிறுத்தியது.

"உன் கணக்குல மூட்டை இருந்துச்சு, சரி," என்றது ஆடு. "கயிறு இருந்துச்சா?"