அளக்கும் கொடி

“கிழங்கு ஈரமா இருக்கு, கிழங்கு ஈரமா இருக்குன்னு மூணு தடவை சொல்லிட்டீங்க. வெளியே ஏரி உடைஞ்சிருக்குன்னு நான் சொன்னது மட்டும் காதுல ஏறலையா?” என்றது பெண் பெருச்சாளி.

புருஷன் பெருச்சாளி வளைக்குள் அசையாமல் படுத்திருந்தது. மறுநாள் திருவிழா. குலத்தில் யார் வயிற்றைச் சுற்ற மிக நீளமான கொடி வேண்டியிருக்கிறதோ, அவரே ஒரு வருஷத்துக்குத் தலைவர். அதற்காக மூன்று மாதமாக நடக்காமல் தின்றது. கிழங்கைச் சுமந்து வந்து போட்ட மனைவிக்கு விலா எலும்பு தெரிந்தது.

“இப்ப நடந்தா இளைச்சிடுவேன்டி. போன வருஷம் அரை வால் நீளத்துல தோத்தேன்.”

“இளைக்கிற கவலை உங்களுக்கா? குட்டிகளை மேட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். எழுந்திருங்க.”

தண்ணீர் உள்ளே வந்து அதன் வயிற்றைத் தொட்டது. பயந்துபோய்க் காலை ஊன்றிப் பார்த்தது. கால்கள் தாங்கவில்லை. மனைவி காதைக் கடித்து இழுத்தும் உடம்பு நகரவில்லை.

வளை வாசலைத் தாண்டி, வருஷா வருஷம் அளக்கும் கிழட்டுப் பெருச்சாளி, கொடியைத் தோளில் போட்டபடி மேட்டுக்கு ஓடியது.

புருஷன் பெருச்சாளி தலையை மட்டும் தூக்கிக் கூப்பிட்டது: “அண்ணே, அளந்துட்டாவது போங்கண்ணே.”